வாய் திறக்காத பென்குயின்கள்

லண்டனின் சோஹோவில் ஒரு மாடிப்படி ஏறி, இன்னொரு மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க நின்றால் அதுதான் எங்கள் அறை. படத்துக்குச் சத்தம் போடுவது என் தொழில். படம் பிடிப்பவர்கள் வேறு, அதை வெட்டி ஒட்டுபவர்கள் வேறு. அவர்கள் முடித்துத் தந்த படத்தில் யாராவது நடந்தால் காலடிச் சத்தம் வைப்பதும், கதவு சாத்தினால் 'டப்' என்று வைப்பதும், வேண்டாத சத்தத்தை எடுத்து எறிவதும் நான். நான் குடியிருந்த நோர்பரியில் எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த முயன்று களைத்துப் போனேன். "குகதாசன் படக் கொம்பனியிலை நிக்கிறான்" என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். அதில் பாதிப் பேர் நான் நடிகைகளோடு தேநீர் குடிப்பதாக நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கதையில் முதல் குற்றவாளி அந்தப் பெருமைதான், ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1991ஆம் ஆண்டு மே மாதம் பென்குயின் படம் எங்கள் அறைக்கு வந்தது. அத்திலாந்திக்கின் தென்கோடியில் ஒரு தீவில் எடுத்த படம். இயக்குநர் இசபெல் என்ற ஆங்கிலேயப் பெண். குகதாசன் என்பது அவர் வாயில் நுழையவில்லை. என்னைக் 'கஸ்' என்றே கூப்பிட்டார். படத்தின் உச்சம் ஒரே ஒரு காட்சி. கப்பலில் இருந்து கிளம்பிய ஹெலிகொப்ரரில் கமராவை வைத்து எடுத்தது. சேற்றுத் தரையில் பல்லாயிரம் பென்குயின்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. கமரா கிட்ட வரவரக் கூட்டம் ஒரு பக்கமாகச் சரிகிறது, நகர்கிறது, பிறகு வேகம் பிடித்துக் கடலை நோக்கிப் போகிறது. அதற்கு விளக்கவுரை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. விடிந்ததும் தாயும் தகப்பனுமாகப் பிள்ளைகளுக்கு இரை தேடிக் கடலுக்குப் புறப்படுகிறார்களாம்.

ஹெலிக்குள் இருந்து எடுத்ததால் அந்தக் காட்சிக்கென்று சொந்தச் சத்தம் கிடையாது. ஆனால் அன்று தரையில், ஒரு பாறைக்குப் பின்னால், ஒலிப்பதிவுக்காரர் தன் மைக்கோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் பதிந்த ஒலிநாடாவும், எங்கள் பேச்சில் 'ரேப்', பெட்டியில் வந்தது. போட்டுக் கேட்டேன்.

முதலில் பென்குயின்களின் ஆரவாரம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நாதஸ்வரம் ஊதிப் பழகுவது போல இருந்தது. பிறகு சட்டென்று அடங்கியது. ரேப்தான் பழுதோ என்று சத்தத்தைக் கூட்டினேன். காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. தூரத்தில் அலையும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. பறவைகள்தான் வாயை மூடிவிட்டன. பத்து விநாடி கழித்தே ஹெலியின் சத்தம் மெல்லத் தொடங்கியது. மைக்குக்குக் கேட்க முன்னமே அவற்றுக்குக் கேட்டுவிட்டது. அதன் பிறகு சேற்றில் கால்கள் அடிபடும் சத்தம், ஆயிரக்கணக்கில். ஒரு குரலாவது இல்லை. ஹெலி தலைக்கு மேலால் வந்து போனது. போன பிறகும் வெகுநேரம் ஒன்றும் வாய் திறக்கவில்லை.

ரேப் பெட்டியின் மூடியில் ஒலிப்பதிவுக்காரர் பென்சிலால் எழுதியிருந்தார். ஹெலி வருமுன்பே எல்லாம் மௌனமாகிவிட்டன. முட்டையோடு நின்றவற்றில் சிலவும் முட்டையை விட்டுவிட்டு ஓடின. பழையபடி குரல் எடுக்க இருபது நிமிடம் ஆனது. இசபெலுக்குச் சொல்லவும்.

இந்த வகைப் பென்குயின் கூடு கட்டாது. ஒற்றை முட்டையைத் தன் பாதங்களின் மேல் ஏந்தி, வயிற்றுத் தோலை அதன்மேல் போர்வையாக விட்டுக்கொண்டு நிற்கும். தாயும் தகப்பனும் மாறிமாறி ஐம்பது நாளுக்கு மேல் அப்படி நிற்க வேண்டும். ஓடினால் முட்டை உருண்டுவிடும். படத்தை வெட்டும் மேசையின் சின்னத் திரையில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடது பக்கக் கீழ் மூலையில், சேற்றில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. கூட்டம் விலகிய இடத்தில் கபில நிறத்துப் பெரிய பறவை ஒன்று இறங்கி அதை நோக்கி நடந்தது.

இசபெலிடம் சொன்னேன். மூடியையும் காட்டினேன். அவர் கெட்ட மனுசி இல்லை. முகம் வாடித்தான் போனது.

"அந்தத் தீவில் இரண்டு மாதம் நின்றோம், கஸ். ஹெலி ஒரேயொரு நாள்தான் கிடைத்தது. இந்தக் காட்சி இல்லாவிட்டால் படமே இல்லை" என்றார். பிறகு, "அந்த மூலை தெரியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எனக்குக் காற்றும் பறவையும் தா" என்றார். 

நான் வாதாடியிருக்கலாம். குறைந்தது முகத்தையாவது தூக்கி வைத்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. வேலை சவாலானது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அதுதான் உண்மை. வேறொரு நாள் பிடித்த ரேப்பில் இருந்து பென்குயின்களின் குரலை எடுத்தேன். காற்றைத் தணித்தேன், கால் சத்தத்தை மென்மையாக்கினேன், கடலைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தேன். போட்டுக் காட்டியபோது இசபெல் கைதட்டினார். இப்போது பென்குயின்கள் சந்தோஷமாகப் போகின்றன என்றார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. 

இனி வீட்டுக்கு வருகிறேன்.

நோர்பரியில் நான் என் அத்தான் பரமேஸ்வரனோடு ஒரே வீட்டில் இருந்தேன். அவர் என் அக்கா வசந்தமலரின் கணவர். 1987இல் லண்டனுக்கு வந்து, பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தார். அகதி வழக்கு இழுபட்டு, 1990இல் தற்காலிக அனுமதிதான் கிடைத்திருந்தது. அந்த அனுமதியோடு நாலு வருஷம் இருந்தால்தான் பெண்சாதி பிள்ளையைக் கூப்பிடலாம் என்பது சட்டம். அக்காவும் மகள் நிரோஜினியும் யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருந்தார்கள். நிரோவுக்கு அப்போது ஆறு வயது. யாழ்ப்பாணத்தில் மறுபடி சண்டை தொடங்கி ஒரு வருஷமாகியிருந்தது. கரண்ட் இல்லை, ரெலிபோன் இல்லை. கடிதம் நினைத்தால் வரும்.

ஆகவே கசெற். பேசிப் பதிந்து, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட்டால், கொழும்பில் இருந்து லண்டனுக்கு ஏறுகிற யாரோ கொண்டுவருவார். பற்றரிக்கும் அரசாங்கம் தடை போட்டிருந்ததால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வருகிற கரண்டில் ரேப்ரெக்கோடர் ஓடும். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் குரல் மாறும். வேகமாகச் சுற்றிப் பதிந்தால் இங்கே போடும்போது குரல் தடித்து இழுபடும், மெதுவாகச் சுற்றினால் கீச்சிடும். லண்டனில் கசெற் வந்துவிட்டால் ஊர்க்காரர் எல்லோரும் அந்த வீட்டு முன்னறைக்கு வந்துவிடுவார்கள். தேநீர், வடை, அழுகை எல்லாம் நடக்கும்.

அந்த முறை கசெற்றில் பெரிய காரியம் ஒன்று தங்கியிருந்தது. அக்காவும் பிள்ளையும் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து அங்கே இருந்து விசாவுக்குக் காத்திருப்பதா, அல்லது விசா வரும்வரை வீட்டிலேயே இருப்பதா? வெளியே வருவதென்றால் கடனீரேரியை வள்ளத்தில் தாண்ட வேண்டும், அங்கே நேவி சுடுவான். "நிலைமையைக் கசெற்றிலை சொல்லு, கேட்டிட்டு முடிவெடுப்பம்" என்று அத்தான் எழுதியிருந்தார். அதற்கு வந்த பதில்தான் இந்தக் கசெற்.

இல்ஃபோர்டில் ஒருவரிடம் வந்திறங்கிய கசெற்றை வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நான்தான் போய் எடுத்து வந்தேன். அத்தானுக்கு அடுத்தடுத்து ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார். கசெற்றைக் கையில் வாங்கி, பார்த்து, திரும்ப என்னிடமே தந்தார்.

"சைக்கிள் கசெற் விளங்காது தம்பி. நீ படக் கொம்பனியிலை நிக்கிறாய்தானே. கொண்டுபோய்க் கொஞ்சம் தெளிவாக்கித் தாவன்."

சனிக்கிழமை காலை. சோஹோ அறையில் நான் மட்டும். கசெற்றைப் பெரிய ரேப்புக்கு மாற்றிக் கேட்கத் தொடங்கினேன். அக்காவின் குரல். நாங்கள் சுகம், நீங்கள் சுகமோ. நிரோ இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள், பல்லு விழுந்துவிட்டது. பின்வளவில் காகம் கத்தியது. ஆடு குட்டி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்த அக்கா பாதியில் நிறுத்தினாள்.

ரேப்பைச் சோதிக்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. பென்குயின் ரேப்பில் இதை முந்திய கிழமைதான் கேட்டிருந்தேன். மௌனம் முதலில் வரும், சத்தம் பிறகுதான் வரும். காகம்கூடக் கத்தவில்லை. பிறகு பொம்பர், குண்டு போடும் விமானம். வந்தது, வட்டமடித்தது, தாழ்ந்தது. தூரத்தில் ஒரு குண்டு, கிட்டவாக ஒன்று. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை, யாரும் ரேப்பை நிறுத்தவும் இல்லை. சைக்கிள் சுற்றுகிறவர் மட்டும் பயத்தில் வேகமாகச் சுற்றியிருக்கிறார். அதனால் அடுத்து வந்த நிரோவின் குரல் கிழவியின் குரல் போலத் தடித்து இழுபட்டது.

"அப்பா, எங்களை எப்ப கூப்பிடுவியள்?"

பிறகு அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆட்டுக்குட்டிக்குத் திரும்பினாள்.

ரேப்பை நிறுத்த மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இதைக் கேட்டால் அத்தான் உடனே வெளிக்கிடச் சொல்வார், அவர்கள் கடனீரேரியில் இறங்குவார்கள், நேவி சுட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். இது நியாயமான பயம்தான். பிறகு பல வருஷம் இந்தப் பயத்தையே எனக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. முன்னறை நிறையச் சனம் இருக்க, அத்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுவதை என்னால் பார்க்க ஏலாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்கு அமைதியாகப் போக வேண்டும். அதற்கும் கீழே இன்னொன்று. என்னால் இதை எடுக்க முடியும், எடுத்தது எவருக்கும் தெரியவராது. கை அரித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அரித்தது.

ஒன்றரை நிமிட ரேப்பைப் பிளேடால் வெட்டி எடுத்தேன். பொம்பர் போய்விட்டது. நிரோவின் கேள்வி மட்டும் மிஞ்சியது. அந்தத் தடித்த குரலை அக்காவின் குரலுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்டது காட்டிக்கொடுத்துவிடும். அதையும் வெட்டினேன். பிள்ளையின் கேள்வியை நான் வெட்டியதற்கு நேவி காரணமில்லை, பயம் காரணமில்லை. ஒட்டு அழகாக வரவில்லை, அவ்வளவுதான். ஒட்டின இடத்தை மறைக்க, முன்னால் கத்திய காகத்தைப் பிரதியெடுத்து அங்கே வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் அதே கசெற்றில் திரும்பப் பதிந்தேன். வெட்டின துண்டுகள் குப்பைக்கூடைக்குப் போயின.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். அக்காவின் குரல் பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல வந்தது. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். என் காகம் கத்தியபோது அத்தானின் முகம் மலர்ந்தது.

"காகம் கத்துது. ஆரோ வரப்போகினம்" என்றார் சனத்தைப் பார்த்து. "பாருங்கோ, என்ரை ஆக்கள் வந்து சேருவினம்."

நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். அத்தான் அன்றே பதில் எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். கசெற் கேட்டோம், எல்லாம் அமைதியாக இருக்கிறது, விசா வரும்வரை வீட்டை விட்டு அசையவேண்டாம். அது நல்ல முடிவு என்று நான் சொன்னேன்.

அந்த வருஷ நத்தாருக்கு, கிறிஸ்மஸ் அன்று, பென்குயின் படம் ரீவியில் போனது. முடிவில் என் பெயர் ஓடியபோது அத்தான் எழும்பி நின்று கைதட்டினார். 

1993ஆம் ஆண்டு மாசி மாதம் கொக்குவிலில் குண்டு விழுந்தது. அக்கா குசினியில் இருந்தாள், தப்பிவிட்டாள். நிரோ முற்றத்தில் நின்றாள். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இடது காது கேட்காமல் போய்விட்டது. சித்திரை கழிந்துதான் கடிதம் எங்களுக்குக் கிடைத்தது. அத்தான் படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"கசெற்றிலை எல்லாம் அமைதியாத்தானே கிடந்தது தம்பி. நீயும் கேட்டனீதானே."

"ஓம் அத்தான்" என்றேன். அந்த 'ஓம்' இன்றும் என் வாயில் கிடந்து கசக்கிறது. எழும்பிப் போய் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

1994 ஆவணியில் விசா கிடைத்தது. நான் எந்தக் கடனீரேரிக்குப் பயந்தேனோ, அதே கடனீரேரியை வள்ளத்தில் தாண்டித்தான் இருவரும் வந்தார்கள். நிரோவுக்கு ஒன்பது வயது. விமான நிலையத்தில் அத்தான் மகளைத் தூக்கிக்கொண்டு அழுதார். அக்கா தள்ளி நின்றாள். பயணக் களைப்பு என்று நினைத்தோம். களைப்பு எட்டு மாதம் நீடித்தது. அக்கா சமைத்தாள், கூட்டினாள், அத்தான் ஷிப்டுக்குப் போடும் சேட்டை அயர்ன் பண்ணி வைத்தாள், ஆனால் அவரோடு நேரே பேசவில்லை. "நிரோ, அப்பாட்டைச் சொல்லு, சாப்பாடு மேசையிலை கிடக்கு" என்பாள், அத்தான் அதே மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே.

ஒருநாள் அவர் என்னைக் கேட்டார். "நான் என்ன பிழை செய்தன் எண்டு அக்காவைக் கேட்டுச் சொல்லன்." பிள்ளையின் காது போன துக்கமாக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். கேட்கப் போகவில்லை. கேட்டால் கசெற் கதை வரும் என்று பயம்.

1995 சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்துவிட்டு எல்லோரும் முன்னறையில் இருந்தோம். மாமாவின் படத்தைக் காட்டச்சொல்லி நிரோ கேட்டாள். வீடியோவை எடுத்துப் போட்டேன். எனக்கு வெட்கமில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். அந்த வீட்டில், அந்தப் பிள்ளைக்கு, அந்தப் படத்தை நானே பெருமையோடு போட்டேன்.

நிரோ ரீவிக்குக் கிட்டத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு காது போனதில் இருந்து அவள் ஆட்களின் வாயைப் பார்த்துத்தான் பாதியை விளங்கிக்கொள்வாள். ஹெலிக் காட்சி வந்தது. பென்குயின்கள் சரிந்தன, நகர்ந்தன, ஓடின. காற்றும் கடலும் ஆயிரம் குரலுமாக என் கைவேலை அறையை நிரப்பியது.

"மாமா, இதுகள் ஏன் ஓடுதுகள்?"

"சாப்பாடு தேடிக் கடலுக்குப் போகுதுகள்."

அவள் ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு ஓட்டி இன்னொரு தரம் பார்த்தாள்.

"இல்லை மாமா. சாப்பாட்டுக்குப் போறதெண்டா முன்னுக்குப் பாத்தெல்லோ போகுங்கள். இதுகள் மேலை பாத்துப் பாத்துப் போகுதுகள்." பிறகு திரையில் விரலை வைத்தாள். "வாயும் மூடிக்கிடக்கு. ஒண்டும் வாய் திறக்கேல்லை. அப்ப கத்துறது ஆர்?"

நாலு வருஷத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. இசபெல் கேட்கவில்லை, படத்தை ரீவியில் பார்த்த அத்தனை சனமும் கேட்கவில்லை. காதால் கேட்டவர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள்.

அக்கா தையலை மடியில் வைத்தாள். "பிளேன் வந்ததோ தம்பி?"

"ஹெலி. படம் எடுத்த ஹெலிதான். அதுக்குத்தான் ஓடுதுகள்."

"அப்ப ஹெலிச் சத்தம் எங்கை?"

"எடுத்துப்போட்டம்."

"எடுக்க ஏலுமோ?"

நான் அப்போதாவது நாக்கைக் கடித்திருக்க வேண்டும். "ஏலும் அக்கா" என்றேன். "எடுத்தது ஒருதருக்கும் தெரியாது."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. பிறகு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அத்தானின் பக்கம் நேரே திரும்பினாள்.

"இஞ்சை, நான் அனுப்பின கசெற்றிலை பிளேன் சத்தம் கேட்டதோ உங்களுக்கு?"

"எந்தப் பிளேன்?" என்றார் அத்தான்.

அவர் நடிக்கவில்லை என்பது அக்காவுக்கு உடனே விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளால் பேசினாள்.

"பொம்பர் சுத்தேக்கை நான் ரேப்பை நிப்பாட்டேல்லை. வேணுமெண்டுதான் நிப்பாட்டேல்லை. ஏலாமல் கிடக்கு, கூப்பிடுங்கோ எண்டு வாயாலை சொன்னா வழியிலை சோதிக்கிறவங்கள் போட்டுக் கேட்டு, ஊரை விட்டு வெளிக்கிடப் பாக்கிறம் எண்டு பிடிச்சிருப்பாங்கள். நீங்கள் காதாலை கேக்கட்டும் எண்டு விட்டனான். கேட்டிட்டும் அங்கையே நில்லுங்கோ எண்டு எழுதினனீங்கள் எண்டுதான் நான் இவ்வளவு காலமும்..."

"நான்தான் அத்தான்" என்றேன். "நான்தான் வெட்டினனான்."

சொல்லத் தொடங்கிய பிறகு எல்லாம் வந்தது. நேவிக்குப் பயந்ததைச் சொன்னேன். முன்னறையில் அழுகை வேண்டாம் என்று நினைத்ததைச் சொன்னேன். காகத்தையும் சொன்னேன். அந்த இடத்தில்தான் அத்தான் கண்ணை மூடினார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழும்பிப் போய் ரீவியை நிறுத்திவிட்டு வந்து, அக்காவுக்கு முன்னால் நின்றார்.

"கேட்டிருந்தா உங்களைக் கொழும்புக்குக் கூப்பிட்டிருப்பன் எண்டு சொல்ல ஆசையாக் கிடக்கு வசந்தா" என்றார். "ஆனா எனக்குத் தெரியாது. அந்தத் தண்ணிப் பாதையிலையும் ஆக்கள் செத்தவைதானே. பயத்திலை நில்லுங்கோ எண்டுதான் எழுதியிருப்பனோ என்னவோ. என்ன செய்திருப்பன் எண்டு எனக்கே தெரியாது. இனித் தெரியவும் வராது."

ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே பெண்சாதி அவரிடம் திரும்பி வந்திருப்பாள். அவர் சொல்லவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நல்ல கணவனா, பயந்தவனா என்று தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்றுதான் அவருக்கு வந்தது. அதை நான் ஒரு சனிக்கிழமை காலையில் குப்பைக்கூடைக்குள் போட்டுவிட்டேன்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, பிளேன் போகட்டும். பிள்ளை கேட்டதுக்காவது ஒரு பதில் எழுதியிருக்கலாமே. அவள் எத்தினை நாள் கடிதம் பாத்துக்கொண்டிருந்தவள்."

"பிள்ளை என்ன கேட்டவள்?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இதை நான் சொல்லவில்லை. எல்லாம் வந்தது என்று மேலே எழுதினேன், இதை மட்டும் சொல்லவில்லை. இதற்குச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

நிரோ தரையில் இருந்தபடி எங்கள் வாய்களை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயில் வந்து பார்வையை நிறுத்தினாள்.

"மாமா, என்ரை குரலையும் எடுத்திட்டியளோ?"

"ஓம் பிள்ளை."

"ஏன்?"

"ஒட்டு வடிவா வரேல்லை" என்றேன்.

அவள் அழவில்லை. யோசித்தாள். "அப்பாவுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நான் நினைச்சன்" என்றாள், ஒரு சின்னச் சந்தேகம் தீர்ந்ததுபோல.

அத்தான் தரையில் இறங்கி, அவளுடைய வலது பக்கத்தில், கேட்கிற காதுக்கு நேராக உட்கார்ந்தார்.

"நான் கேக்கேல்லை அம்மா. அப்ப என்ன கேட்டனீங்கள்? இப்ப கேளுங்கோ. அப்பாவுக்கு இப்ப சொல்லுங்கோ."

நிரோ வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பத்து வயதுப் பிள்ளை, தன் தகப்பனோடு பேசுவதற்கு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் எழும்பினேன். சப்பாத்தைக்கூடப் போடாமல் கதவைத் திறந்து வெளியே வந்து, கதவைச் சாத்தினேன். நான் அந்த அறையில் இருக்கும்வரை அவள் அதைச் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.